துறை அறிந்தவரும் நிரலாளரும் ஒரே மேசையில்

ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு மென்பொருள் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையும் உறுப்பினர்கள் பால் ஊற்றுகிறார்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான திடச்சத்து எவ்வளவு என்று பார்த்து, விலை அட்டவணைப்படி கணக்கிட்டு, குறித்த நாளில் பட்டுவாடா செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்பார். முடித்தும் தந்துவிடுவார்.

அவர் எழுதியதைத் திறந்து பார்ப்போம். கொழுப்பைக் கருவியே காட்டிவிடுகிறது. திடச்சத்தைக் கொழுப்பிலிருந்தும், சங்கத்தில் ‘டிகிரி’ என்று சொல்லும் லாக்டோமீட்டர் அளவிலிருந்தும் ஒரு சூத்திரத்தால் எடுக்க வேண்டும். நிரலாளர் எங்கோ தேடி ரிச்மண்ட் சூத்திரத்தைக் கண்டெடுக்கிறார்: டிகிரியில் கால் பங்கு, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அவற்றோடு 0.14. வெப்பநிலைக்குத் திருத்திய டிகிரி 28.5, கொழுப்பு 4.1 என்றால் விடை 8.085. அட்டவணையில் ஒரு தசம இடம்தான் இருக்கிறது. பக்கத்து எண்ணுக்கு முழுதாக்கினால் 8.1. மிச்சத்தை வெட்டினால் 8.0. இந்தியாவில் வேறொரு சூத்திரமும் புழங்குகிறது. அதில் கொழுப்பிலும் கால் பங்கு, மாறிலி 0.44. அப்படிப் போட்டால் 8.59 வரும், முழுதாக்கினால் 8.6, வெட்டினால் 8.5. பால் ஒன்று, கருவி ஒன்று, விடை நான்கு. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு.

நான்கில் ஒன்றை நிரலாளர் தேர்ந்தெடுத்துவிட்டார். தேர்ந்தெடுத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. அவருக்கு அது ஒரு வரி நிரல். மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது மாத வருமானம். சங்கத்தின் செயலாளரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

கணினிக்கு ‘பார்த்துப் போடு’ என்று சொல்ல முடியாது. எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு விடையை எழுதியே ஆக வேண்டும். அந்த இடத்தில் துறை அறிந்தவர் இல்லாவிட்டால், நிரலாளர் தனக்குத் தோன்றியதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். சங்கத்தின் விதி அப்போது யாரும் அறியாமல் மாறிவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் சொல்லும் வழிமுறைகள் எல்லாம் ஒரே நோக்கத்துக்காகத்தான்: ஒவ்வொரு விதியும் அதை அறிந்தவர் கண்ணெதிரில், அவர் வாயாலேயே முடிவாக வேண்டும்.

வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள்

முதல் சந்திப்பை நிரலாளரின் அலுவலகத்தில் வைக்காதீர்கள். குளிரூட்டிய அறையில், நாற்காலியில் உட்கார வைத்து, ‘உங்கள் தேவைகளைச் சொல்லுங்கள்’ என்றால் எவரும் புத்தகத்தில் இருக்கும் நடைமுறையைத்தான் சொல்வார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. கையும் கண்ணும் பழகிச் செய்யும் வேலை, அந்தக் கையும் கண்ணும் இயங்கும் இடத்தில்தான் நினைவுக்கு வரும். பால் ஊற்றும் நேரத்துக்கு முன்பே போய், வரிசை கலையும்வரை ஓரமாக நில்லுங்கள். இரண்டு வேளையும் பாருங்கள். பட்டுவாடா நாளில் கட்டாயம் போங்கள். சச்சரவு எல்லாம் அன்றுதான் வெளியே வரும்.

பார்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் நடந்ததைச் சொல்லலாம். 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, எந்த அழைப்புக்கு எந்த வண்டியை அனுப்புவது என்று தானே முடிவெடுக்கும் கணினி அமைப்புக்கு மாறியது. மறுநாளே பாதி வேலையைக் கைமுறைக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பது ஏறத்தாழப் பிழையின்றித் தனக்குத் தெரியும் என்ற எண்ணத்தின் மேல் அந்த அமைப்பு கட்டப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்களோ சில வேளை தங்களுக்குப் பதிவான வண்டியை விட்டு வேறு வண்டியை எடுத்துப் போவார்கள். அவசரத்தில் நிலையைத் தெரிவிக்கும் பொத்தான்களை வரிசை மாற்றி அழுத்துவார்கள். 1993இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னது. நிலையத்தில் ஒரு வாரம் நின்று பார்த்த நிரலாளர் எவரும் இந்தப் பழக்கங்களைக் கண்டிருப்பார். கண்டிருந்தால், தகவல் தப்பாக வந்தாலும் தாங்கும்படி அமைப்பை வேறு விதமாக வரைந்திருப்பார்.

இதற்கு நேர் மாறான ஒரு கதை அதே நகரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம் கேக், ரொட்டி செய்து, தன் தேநீர்க் கடைகளில் விற்று வந்தது. அது தன் அலுவலகக் கணக்குக்காகச் சொந்தமாக ஒரு கணினியையே கட்டியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு உருவான அதன் பெயர் லியோ. 1951இல் அடுமனைப் பொருள்களின் மதிப்பீட்டுக் கணக்கை அது வாடிக்கையாகப் போடத் தொடங்கியது. வணிக வேலைக்குக் கணினியைத் தொடர்ந்து பயன்படுத்திய முதல் நிகழ்வாக அதைச் சொல்கிறார்கள்.

லயன்ஸ் எப்படி வென்றது என்பதே நமக்குப் பாடம். கணினி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே, அலுவலக வேலை எப்படி நடக்கிறது என்பதை ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது. லியோவுக்கான வேலைகளை வடிவமைத்த டேவிட் கேமினர் அந்தப் பிரிவிலிருந்து வந்தவர். நிரல் எழுதுவோரில் பலரையும் நிறுவனத்துக்கு உள்ளேயே தேர்ந்தெடுத்தார்கள். மேரி கூம்ஸ் லயன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1952இல் நிறுவனம் நடத்திய கணினி அறிமுக வகுப்பில் தேறி நிரலாளரானார். வணிக நிரல் எழுதிய முதல் பெண் என்று அவரை இன்று நினைவுகூர்கிறார்கள்.

1954இல் தேநீர்க் கடைகளின் அன்றாடச் சரக்குக் கேட்பைக் கணினிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு கடையின் மேலாளர் அம்மையாரும் நாளைக்கு என்ன வேண்டும் என்று முழுப் பட்டியல் எழுதி அனுப்புவது பழைய வழக்கம். கவனித்துப் பார்த்ததில், வாரத்தின் ஒரே கிழமையில் ஒரு கடைக்கு வேண்டியது பெரும்பாலும் மாறுவதில்லை என்று தெரிந்தது. எனவே கடைக்குக் கடை, கிழமைக்குக் கிழமை ஒரு நிலையான பட்டியலைக் கணினி வைத்துக்கொண்டது. மேலாளர்கள் தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொன்னார்கள். ‘பட்டியலை வேகமாகப் பதிவு செய்ய வழி வேண்டும்’ என்பதுதான் தேவை என்று எழுதிக்கொண்டு போயிருந்தால் இந்த வடிவம் பிறந்திருக்காது. கடையின் வாரம் எப்படி ஓடுகிறது என்று அறிந்தவருக்கே அது தோன்றும்.

விதியை விடுங்கள், சம்பவத்தைக் கேளுங்கள்

நிரலாளர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘இதற்கு என்ன ரூல்?’ என்பது. அது பலன் தராத கேள்வி. விதியாக யோசிப்பது நிரலாளரின் பழக்கம். துறை அறிந்தவரின் அறிவோ நடந்தவற்றின் நினைவாகத் தேங்கியிருக்கிறது. ‘போன மாதம் கணக்கில் தகராறு வந்ததா? யாருக்கு? என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் அது தானாகக் கொட்டும்.

இப்படி ஒரு பேச்சை எண்ணிப் பாருங்கள். ‘பேட்’ என்பது சங்கத்தில் கொழுப்புக்குச் சொல்லும் பெயர்.

“பேட் பார்க்கிற மெஷின் ஓடலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?”

“அது எப்பவாவதுதான் தம்பி. கரண்ட் போனா.”

“கடைசியா எப்ப போச்சு?”

“போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்னிக்கு எல்லாருக்கும் காலைல வந்த பேட்டையே போட்டுட்டோம்.”

“காலைல ஊத்தாம சாயங்காலம் மட்டும் ஊத்தினவங்களுக்கு?”

“அவங்களுக்கு முந்தின நாள் சாயங்காலத்து பேட். புதுசா சேர்ந்தவங்களா இருந்தா… நானே ஒரு நம்பர் போடுவேன். அடுத்த வேளை டெஸ்ட் பண்ணிட்டுச் சரிபண்ணிக்குவோம்.”

இந்தச் சின்னப் பேச்சில் மூன்று விதிகளும், ஒரு திருத்தும் வசதியும் இருக்கின்றன. எந்தத் தேவை ஆவணத்திலும் இவை வந்திருக்காது. நிரலாளர் செய்ததெல்லாம் ‘எப்பவாவதுதான்’ என்ற சொல்லைக் கடந்து போகாமல் நின்றதுதான். அந்தச் சொல்லுக்கு உறவினர்கள் உண்டு: ‘பொதுவா’, ‘வழக்கமா’, ‘அதைப் பாத்துக்கலாம்’, ‘ஆளைப் பொறுத்து’. இவற்றில் ஒன்று காதில் விழுந்தால் பேனாவை எடுங்கள். அதன் பின்னால் ஒரு விதிவிலக்கு இருக்கும். விதிவிலக்குகள்தாம் மென்பொருளின் பெரும்பகுதி.

துறை அறிந்தவரும் எதிர்த்தரப்பின் சொற்களில் காது வைக்க வேண்டும். ‘அது ஈஸி சார்’ என்று நிரலாளர் சொன்னால், எது ஈஸி என்று அவரே ஒரு முறை திருப்பிச் சொல்லட்டும். ‘அப்புறம் சேத்துக்கலாம்’ என்றால் எப்போது என்று தேதி கேளுங்கள். ‘டெக்னிக்கலா முடியாது’ என்றால் கூச்சப்படாமல் ஏன் என்று கேளுங்கள். உண்மையிலேயே முடியாததை எளிய சொற்களில் விளக்க முடியும். விளக்க முடியவில்லையென்றால், பெரும்பாலும் அது முடியாத வேலை இல்லை, விருப்பமில்லாத வேலை.

வயதும் மரியாதையும் இங்கே குறுக்கே வரும் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயது நிரலாளர், முப்பது வருடம் சங்கத்தை நடத்தியவரிடம் ‘ஏன் இப்படி?’ என்று கேட்டால் குற்றம் கண்டுபிடிப்பதாகத் தோன்றக்கூடும். ‘ஏன்’ என்பதற்குப் பதில் ‘எப்படி சார், எனக்கு ஒருதரம் செஞ்சு காட்டுங்க’ என்று கேட்டால் அதே விவரம் மனக்கசப்பு இல்லாமல் வந்துவிடும். செய்து காட்டும்போது அவரே ‘இது இப்படித்தான் பண்ணணும்னு இல்ல, அந்தக் காலத்துல ஆரம்பிச்சோம்’ என்று சொல்லவும் கூடும். வேண்டாத நடைமுறைகள் அப்படித்தான் உதிரும்.

உதாரணத் தாள்

இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தாள், அல்லது எக்செல். இடப்பக்கக் கட்டங்களில் நடந்தது: வேளை, அளவு, டிகிரி, கொழுப்பு, பிடித்தங்கள். வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் கைக்கு வர வேண்டிய தொகை. ஒரு வரிசை ஒரு சம்பவம். வலப்பக்க எண்ணைத் துறை அறிந்தவர்தான் எழுத வேண்டும். நிரலாளர் அந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது.

முதல் சில வரிசைகள் சாதாரணமானவையாக இருக்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து தொல்லையான வரிசைகளைத் தேடுங்கள். ஒரே வேளையில் ஒருவர் இரண்டு தடவை பால் கொண்டுவந்தால் இரண்டையும் தனித்தனியே சோதிப்பதா, கலந்தா? பாலை லிட்டரில் அளந்து கிலோவில் விலை போடுகிறீர்களா? ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ எடை என்பதால் இது ஒவ்வொரு பட்டுவாடாவிலும் தெரியும் வித்தியாசம். பட்டுவாடாக் காலத்தின் நடுவில் விலை மாறினால்? திடச்சத்து அட்டவணையின் கடைசி வரிசைக்கும் கீழே போனால், பாலைத் திருப்பி அனுப்புவதா, அடிமட்ட விலை கொடுப்பதா? தீவனக் கடன் பால் பணத்தைவிட அதிகமானால் முழுதையும் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவதா, பாதி கொடுத்து மீதியை அடுத்த முறைக்குத் தள்ளுவதா?

கடைசிக் கேள்விக்குப் பல செயலாளர்கள் உடனே விடை சொல்லாமல் யோசிப்பார்கள். யோசிக்கட்டும். அந்த ஊர் மனிதர்களைத் தெரிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு அது. நிரலாளர் கழித்தல் குறியைப் போட்டுத் தீர்த்துவிடக்கூடிய விஷயமில்லை. நிர்வாகக் குழுவிடம் கேட்டு வருகிறேன் என்றால் அந்த வரிசையை வெறுமையாக விட்டுக் காத்திருங்கள்.

நிரல் முடிந்ததும் இதே தாள் சோதனையாகிறது. இடப்பக்கத்தைக் கணினிக்குக் கொடுத்து, அது தரும் விடையை வலப்பக்கத்தோடு ஒப்பிட்டால் போதும். வார்டு கன்னிங்ஹாம் 2002 வாக்கில் உருவாக்கிய ‘ஃபிட்’ என்ற கருவி இந்த எண்ணத்தின் மேல் எழுந்ததுதான்: நிரல் தெரியாதவர் அட்டவணையில் உதாரணங்களை எழுதுவார், கணினி அவற்றை ஓட்டிச் சரியானதைப் பச்சையிலும் தவறானதைச் சிவப்பிலும் காட்டும். அந்தக் கருவியே வேண்டுமென்பதில்லை. சாதாரண எக்செல் கோப்பைப் படித்துச் சோதிக்கும் சிறு நிரலை எந்த நிரலாளரும் அரை நாளில் எழுதிவிடுவார். அதை அவர் தட்டிக்கழித்தால் வற்புறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாள் நீளமாக நீளமாக எல்லாம் அடங்கிவிட்டது என்ற எண்ணம் வரும். ஒரே மாதிரியான நூறு வரிசைகளைவிட, ஒன்றோடொன்று ஒட்டாத பதினைந்து வரிசைகள் அதிகம் பிடித்துக் கொடுக்கும். புதிய வரிசை சேர்க்கும்போது ‘இது இதுவரை இல்லாத எதைச் சொல்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

துறை அறிந்தவர் படிக்கும்படி நிரல்

உதாரணங்கள் விளைவைச் சோதிக்கும். விதியையே நேராகப் படித்துச் சரிபார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. நிரலை நிரலாளர் அல்லாதவர் படிக்க முடியாது என்பது பலர் வாதமில்லாமல் ஏற்றுக்கொண்ட எண்ணம். பிரான்சில் நடந்து வரும் ஒரு முயற்சி அதை அசைத்திருக்கிறது.

வரி, உதவித்தொகை போன்ற சட்டக் கணக்குகளை எழுதுவதற்கென்றே அங்குள்ள இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் டெனி மெரிகூவும் உடன் பணியாற்றியோரும் கதலா என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். சட்டத்தில் கணினியைப் பயன்படுத்துவதற்கு முன்னோடியான பியேர் கதலா என்ற சட்டப் பேராசிரியரின் பெயர் அதற்கு. அதில் எழுதும் கோப்பில் முதலில் சட்டப்பிரிவின் வாசகம் அப்படியே இருக்கும். அதற்கு அடியிலேயே அந்தப் பிரிவைக் கணக்காக்கும் நிரல் வரிகள். பிரிவு மாறினால் எந்த வரிகள் மாற வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். சட்டங்கள் பொதுவிதியை ஓரிடத்தில் சொல்லி, விலக்குகளைப் பிறகு வேறிடத்தில் சொல்வது வழக்கம். சாதாரண நிரல் மொழியில் இவற்றை ஒரே இடத்தில் திரட்டி, ‘அப்படியானால், இல்லையானால்’ என்று பின்ன வேண்டிவரும். அதற்குப் பின் வழக்கறிஞரால் அடையாளம் காண முடியாது. கதலாவில் பொதுவிதியையும் விலக்கையும் சட்டம் சொல்லும் வரிசையிலேயே எழுதலாம்.

எழுதும் முறைதான் நமக்கு முக்கியம். வழக்கறிஞரும் நிரலாளரும் சேர்ந்து உட்கார்ந்து, சட்டத்தை வரி வரியாகப் படித்து, அங்கேயே நிரலாக்குகிறார்கள். வழக்கறிஞர் வாசகத்தின் பொருளைச் சொல்கிறார். நிரலாளர் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுகிறார். இடைவெளி தென்பட்டால் அப்போதே நிற்கிறார்கள். பிரான்சின் குடும்ப உதவித்தொகை விதிகளை இப்படி எழுதியபோது, அதிகாரபூர்வமாகப் புழக்கத்தில் இருந்த கணக்கீட்டில் ஒரு பிழையையே கண்டுபிடித்தார்கள். 2021இல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை இதைப் பதிவு செய்கிறது.

நமக்குப் புது மொழி தேவையில்லை. எந்த மொழியில் எழுதினாலும் மூன்று காரியம் செய்யலாம். விலைக் கணக்கு விதிகளைத் திரை, தரவுத்தளம், அச்சு வேலைகளோடு கலக்காமல் ஒரே கோப்பில் தனியாக வைக்கலாம். ஒவ்வொரு விதியின் மேலும் அது எந்தச் சுற்றறிக்கையிலிருந்து, எந்தத் தீர்மானத்திலிருந்து வந்தது என்று தமிழிலேயே எழுதலாம். பிறகு செயலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கோப்பை மட்டும் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். குறியீடுகள் அவருக்குப் புரியாமல் போகலாம். ‘இங்க வெட்டுறீங்களா, முழுசாக்குறீங்களா?’ என்று நடுவில் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அந்த ஒரு மணி நேரம் தகும்.

பெயர்களும் அப்படியே. எரிக் எவன்ஸ் 2003இல் எழுதிய ‘டொமைன் டிரிவன் டிசைன்’ என்ற நூல், பேச்சிலும் நிரலிலும் ஒரே சொற்களைப் புழங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. சங்கத்தில் உறுப்பினர் என்றால் பங்கு வாங்கியவர். பால் ஊற்ற வருபவர் அவர் மனைவியாகவோ மகளாகவோ இருக்கலாம். பணம் வாங்குபவர் மூன்றாவது ஆளாக இருக்கலாம். நிரலில் மூவரையும் ஒரே பெயரில் வைத்தால் என்றாவது ஒருநாள் ஒருவர் பணம் இன்னொருவர் கணக்கில் விழும். சேகரிக்கும் வண்டி காலையில் மட்டும் வருமானால், மாலைப் பால் எந்தத் தேதிக் கணக்கில் சேரும் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நேரமும் அதிகாரமும்

துறை அறிந்தவருக்கு வேறு வேலை உண்டு. அதைச் செய்து முடித்த பிறகு மிச்ச நேரத்தில் மென்பொருளுக்கு உதவச் சொன்னால், அவர் தலையாட்டுவார். படிக்காமலே ‘சரி’ என்று கையெழுத்துப் போடுவார். வாரத்தில் இரண்டு அரைநாள் அவர் மென்பொருள் வேலைக்கு மட்டும் என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்; அந்த நேரத்தில் அவருடைய வழக்கமான வேலையை யார் பார்ப்பார் என்பதையும் எழுத வேண்டும். மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தில் இதுவும் ஒரு செலவு. இதைச் செய்ய மனமில்லாத நிறுவனம் மென்பொருள் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டு வல்லுநர்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. செயலாளர் ஒன்று சொல்வார், கணக்கர் இன்னொன்று சொல்வார். நிரலாளர் இருவரையும் தனித்தனியே கேட்டு, தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வது பெரிய தவறு. இருவரையும் ஒரே மேசையில் வைத்து உதாரணத் தாளின் அந்த வரிசையை நடுவில் போடுங்கள். பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு சூழலை மனத்தில் வைத்துப் பேசியிருப்பார்கள். அப்போது ஒரு வரிசை இரண்டாகும். உண்மையான கருத்து வேறுபாடாக இருந்தால் முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர் நிரலாளருடையதாக இருக்கக்கூடாது.

இணையோட்டம்

பழைய கணக்கை நிறுத்திவிட்டு மறுநாள் புதியதற்குத் தாவாதீர்கள். லயன்ஸ் தன் ஊழியர் சம்பளக் கணக்கை லியோவுக்கு மாற்றியபோது சில காலம் கைக்கணக்கையும் சேர்த்தே நடத்தி இரண்டையும் ஒப்பிட்டது. தேர்ந்த எழுத்தர் ஒரு ஊழியருக்கு எட்டு நிமிடம் எடுத்துச் செய்ததை லியோ ஒன்றரை வினாடியில் செய்தது. அத்தனை வேகம் கையில் இருந்தும் அவர்கள் பொறுத்திருந்தார்கள்.

குறைந்தது இரண்டு பட்டுவாடாக் காலம் நோட்டும் கணினியும் சேர்ந்து ஓடட்டும். தொகை வேறுபடும் ஒவ்வொரு பெயரையும் எடுத்து இருவரும் உட்காருங்கள். கணினி தவறாகவும் இருக்கலாம், நோட்டு தவறாகவும் இருக்கலாம்; பல வேளை இரண்டும் சரியாகவே இருக்கும், ஆனால் யாரும் சொல்லாத ஒரு விதி நடுவில் ஒளிந்திருக்கும். கண்டதும் அதை உதாரணத் தாளில் புது வரிசையாக்குங்கள்.

பிழை என்று ஒருவர் சொல்லும்போது

மென்பொருள் ஓடத் தொடங்கியதும் துறை அறிந்தவரின் பங்கு முடிந்துவிட்டதாக நினைப்பவர் பலர். பிரிட்டனின் அஞ்சல் துறை அப்படி நினைத்ததன் விளைவு கொடியது. 1999 முதல் அங்கே அஞ்சலகங்களின் கணக்கை ஹொரைசன் என்ற அமைப்பு பார்த்தது. இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. அஞ்சலகம் நடத்தியவர்கள், பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், கணக்கு தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்களை நம்பாமல் கணினியை நம்பினார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அமைப்பில் பிழைகள் இருந்ததை 2019இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. பெரும்பாலான தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அந்த மனிதர்களுக்கு இருந்த பெரிய குறை, திரையில் தெரிந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர்களால் தேடிப் பார்க்க முடியாதது. எனவே உங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு திரையைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பட்டுவாடாத் தொகையைத் தொட்டாலும் அது கணக்கான வழியை அந்தத் திரை படிப்படியாகக் காட்ட வேண்டும்: இந்த வேளை, இந்த டிகிரி, இந்தக் கொழுப்பு, இந்தச் சூத்திரம், இப்படி முழுதாக்கியது, இந்த விலை, இந்தப் பிடித்தம். யார் எந்த எண்ணை எப்போது திருத்தினார்கள் என்பதும் அதில் தெரிய வேண்டும். நிரலாளர் பின்புறமாக நுழைந்து திருத்தினால் அதுவும் தெரிய வேண்டும். உறுப்பினர் ஒருவர் வந்து ‘என் கணக்கு தப்பு’ என்றால் செயலாளர் அந்தத் திரையைத் திருப்பி அவருக்கே காட்டலாம். தப்பு இருந்தால் இருவருக்கும் அங்கேயே தெரியும், அந்தச் சம்பவம் அன்றே உதாரணத் தாளுக்குப் போகும்.

விலை அட்டவணை மாறும் நாளையும் இப்போதே யோசித்து வையுங்கள். நிரலாளரைக் கூப்பிடாமல் செயலாளரே புது அட்டவணையை, எந்தத் தேதியின் எந்த வேளையிலிருந்து என்று குறித்து ஏற்ற முடிய வேண்டும். ஏற்றியதும் உதாரணத் தாளின் எல்லா வரிசைகளையும் ஒரு பொத்தானில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும். புது விலைக்கு ஏற்ப வலப்பக்க எண்களை அவர் முன்கூட்டியே கையால் போட்டு வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்த பிறகு முதல் வேளைப் பாலை ஊற்றலாம்.